மடியில் பந்து வைத்த ஆள்

போன வாரம் படித்துவிட்டுச் சில பேர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். "சின்னவளுக்கு வாய் இருக்கிறதா இல்லையா? அண்ணன்காரன் போனில் அவ்வளவு பேசுகிறான், இவள் 'சரிண்ணா, சரிண்ணா' என்கிறாள். படிக்கிற எங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது" என்று. எழுதுகிறவளுக்கு மட்டும் பற்றாதா என்ன? பொறுங்கள். இந்த வாரம் வாயைத் திறக்கிறாள். திறந்த பிறகு, ஏன் திறந்தாள் என்று எனக்கு எழுதக் கூடாது.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னவள், கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். அப்பா விட்டுப்போன பழைய கார் அவளிடம் இருக்கிறது. அம்மா இருப்பது அண்ணன் வீட்டில். ஞாயிறு தவறாமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள், குறுக்கே வந்த சைக்கிளுக்காக ஒடித்துத் திருப்பியதில் கார் ஒரு கல்தூணில் மோதியது. காருக்குள் இருக்கிற காற்றுப் பலூன் விரியவில்லை. அம்மாவின் வலது மணிக்கட்டு நொறுங்கிப் போனது. இன்றைக்கும் அந்தக் கையால் ஒரு டம்ளரைத் தூக்க முடியாது.

காரின் தகரத்தைத் தட்டிச் சரிசெய்தவர் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டார். "பலூன் விளக்கு முன்னாடியே எரிஞ்சிட்டிருந்துச்சா? அது எரிஞ்சா பலூன் வேலை செய்யாதே." அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். விளக்கு எரிந்திருக்கிறது, தங்கச்சி கண்டுகொள்ளாமல் ஓட்டியிருக்கிறாள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். "எந்த விளக்கும் எரியலைண்ணா, சத்தியமா எரியலை" என்று அவள் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. அன்றிலிருந்து நாலு பேர் கூடினால் போதும், அண்ணனுக்கு இதுதான் பேச்சு. "ஊருக்கெல்லாம் கண்ணு பாக்குறா. மூக்குக்கு முன்னாடி எரியிற விளக்கு தெரியலை!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகத் தேய்ப்பாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கெஞ்சினாள். "அம்மா, நீயாவது சொல்லும்மா. பக்கத்துலதானே உக்காந்திருந்தே. ஏதாவது விளக்கு எரிஞ்சுதா?" அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பாவம், வலி என்று சின்னவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

இப்போது அண்ணனுக்குத் தொலைவில் வேறு ஊருக்கு மாற்றல். அம்மாவும் அவனோடு போவதாக ஏற்பாடு. "அம்மா என்கூட இருக்கட்டும்ணா" என்று கேட்டதற்கு, "உன்னை நம்பியா?" என்றான். கடைசியாகச் சொன்னது இன்னும் அழகு. "சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்து அம்மாவைப் பாத்துட்டுப் போ. அந்தக் காரை மட்டும் என் வாசலுக்குக் கொண்டு வராதே."

சனிக்கிழமை காலையில் அவள் முதலில் எடுத்தது கார் சாவியைத்தான்.

*

வாரம் முழுக்க வெயிலில் நின்ற கார். உள்ளே அடுப்படி மாதிரி இருந்தது. பைகளைப் பக்கத்து இருக்கையில் போட, உள்ளே ஏறி எட்டித்தான் போட வேண்டும். மோதியதிலிருந்து அந்தப் பக்கத்துக் கதவின் வெளிக் கைப்பிடி செத்துப்போய்விட்டது. உள்ளே இருந்து யாராவது திறந்துவிட்டால்தான் உண்டு.

சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒரு தரம் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன. எண்ணெய்க் குடம், பேட்டரிப் பெட்டி, பிரேக்கின் வட்டம். எல்லாம் அவளுக்குப் பழகிய முகங்கள். ஒன்று மட்டும் அணையவில்லை. மூலையில், சிவப்பாக, இதுவரை பார்த்தே இராத ஒன்று.

ஒரு ஆள் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் மடியில் ஒரு பந்து.

"யாருடா நீ?" என்று கேட்டேவிட்டாள்.

பெல்ட் போடாததற்கோ என்று பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பெல்ட்டின் விளக்கு அணைந்தது. பந்துக்காரன் அசையவில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லையோ? திறந்து அடித்துச் சாத்தினாள். அப்படியே உட்கார்ந்திருந்தான். வண்டியை அணைத்து மறுபடி போட்டாள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். வயிற்றுவலிக்காரன் மாதிரி இருக்கிறானே, பெட்ரோல் ஏதாவது கெட்டுப்போயிற்றா என்றுகூட யோசித்தாள். அப்படியெல்லாம் ஒரு படம் போடுவார்களா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து காரோடு வந்த கையேட்டை எடுத்தாள். படங்களாகவே இருந்த பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். அதே ஆள். அதே பந்து. பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

அது பந்து இல்லை, பலூன். காற்றுப் பலூனில் கோளாறு என்பதற்கான விளக்கு. இது அணையாமல் எரிந்தால், மோதும்போது பலூன் விரியாமல் போகலாம்.

இத்தனை நாள் அவள் தலையில் கட்டிய விளக்கு இதுதான்.

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. கோளாறே இல்லாத காரிலும், சாவியைத் திருப்பும்போதெல்லாம் இந்த விளக்கு ஒரு தரம் எரிந்து அணைய வேண்டும் என்று. எரியவே இல்லை என்றாலும் தப்புதான்.

அந்த வரியை மறுபடி படித்தாள். ஒவ்வொரு தரமும் எரிந்திருக்க வேண்டியவன். இவள் கையில் கார் வந்த நாளிலிருந்து ஒரு தரம்கூடக் கண்ணில் பட்டதில்லை. அது எப்படி?

குனிந்து டாஷ்போர்டுக் கண்ணாடியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பந்துக்காரனுக்கு நேர் மேலே, நகத்தளவு சதுரம் ஒன்று தூசி இல்லாமல் இருந்தது. விரலை வைத்தாள். ஒட்டியது. காலடியில் தேடினாள். பெடலுக்குப் பக்கத்தில், நூலும் முடியும் அப்பிக்கொண்டு, ஒரு துண்டு கறுப்பு டேப் கிடந்தது. வெயிலில் பசை காய்ந்து உதிர்ந்திருக்கிறது.

யாரோ விளக்கை மூடி ஒட்டியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? இவளிடம் வருவதற்கு முன்பு கார் நின்றது அண்ணனின் ஷெட்டில். கழுவித் துடைத்து, "அப்பா ஞாபகமா வச்சுக்கோ" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சாவியை நீட்டியது அவன். துடைத்தவன் கண்ணில் விளக்கு படாமலா இருக்கும்? பட்டிருக்கிறது. ஒட்டியிருக்கிறான். ஒட்டிவிட்டு, ஊர் கூட்டி இவளைக் குருடி ஆக்கியிருக்கிறான்.

"எனக்கா கண்ணு தெரியலை?" காருக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு கத்தினாள். "எனக்காடா?"

எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

வேலைக்குப் போகும் வழியில் மெக்கானிக் கடையில் நிறுத்தினாள். அவர் பக்கத்து இருக்கைக்குக் கீழே தலையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பலூனுக்குப் போற ஒயர் இணைப்பு கழண்டு கிடக்கும்மா. பச்சை பூத்துப்போச்சு. இது நேத்து இன்னைக்கு நடந்தது இல்லை, வருஷக்கணக்கா இருக்கும். புதுசு வாங்கித்தான் போடணும். அதுவரைக்கும் முன் சீட்ல யாரையும் உக்கார வைக்காதீங்க."

அவள் டேப்பைக் காட்டினாள்.

"அடப்பாவிங்களா. விக்கிறவங்க பண்ற வேலை இது. வண்டி யார்கிட்ட வாங்கினீங்க?"

"எங்க அண்ணன் குடுத்தான்."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "அப்ப நான் ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார்.

கண்ணாடிக்கான குட்டித் திருகாணிகள் போட்டு வைக்கிற டப்பா ஒன்று அவள் பையில் எப்போதும் கிடக்கும். திருகாணிகளைக் கொட்டிவிட்டு டேப்பை அதில் வைத்து மூடினாள். வழி நெடுக அந்த டப்பா அவள் மடியில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தையும் வருகிறாள். அப்பாவின் அக்கா. அந்தக் குடும்பத்தில் அத்தை சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. அத்தையை வைத்துக்கொண்டு அண்ணன் மூக்கை உடைக்க வேண்டும். என்னென்ன சொல்வது என்று சிக்னலுக்குச் சிக்னல் ஒத்திகை பார்த்தாள்.

கண்ணாடிக் கடையில் அன்றைக்கு அரை நாள் வேலை. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"எது தெளிவா இருக்கு? முதல்லயா, இப்பவா? முதல்லயா, இப்பவா?"

"கொஞ்சம் மெதுவா மாத்துங்கம்மா. நீங்க மாத்துற வேகத்துக்கு எழுத்தெல்லாம் ஓடுது" என்றார் அவர்.

"மன்னிச்சுக்கங்க சார்."

"யார் மேல கோவம்?"

"கூடப் பிறந்தவன் மேல."

"அப்ப சரி. எனக்கும் ஒருத்தன் இருக்கான். நீங்க மாத்துங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் போனதும் டப்பாவைத் திறந்தாள். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு வெள்ளை அட்டையில் டேப்பை எடுப்பாக ஒட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணம். நூலையும் முடியையும் எடுக்க, உருப்பெருக்கி விளக்குக்குக் கீழே வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டேப் கிழித்தது இல்லை, கத்தரியால் நேராக வெட்டியது. ஒரு முனை உள்பக்கமாக, நகக்கண் அகலத்துக்கு மடிக்கப்பட்டிருந்தது.

காது.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மா ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தது ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில். காலையிலிருந்து சாயங்காலம் வரை அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. ஒட்டுகிற எந்த டேப்புக்கும் முனையை மடித்துக் காது வைக்காமல் விடமாட்டாள். அப்படி வைத்தால்தான் பிரிக்கிறவர் பிடித்து இழுக்க முடியும். வீட்டிலும் அதே சட்டம். நோட்டு அட்டை, ஜாம் பாட்டில், உடைந்த ரிமோட், எதில் ஒட்டினாலும் காது இருக்கும். மறந்து ஒட்டினால் தலையில் குட்டு விழும். "காது இல்லாம ஒட்டினா நாளைக்கு எதைப் பிடிச்சு இழுப்பே? என் தலைமுடியையா?"

சின்னவளுக்கு அது கைவந்துவிட்டது. அண்ணனுக்கு இன்றுவரை வரவில்லை. அவன் பிரித்த டேப் சுருளில் முனையைக் கண்டுபிடிக்க நகத்தால் சுற்றிச் சுற்றிச் சுரண்டுவான். அவன் கட்டிக் கொடுக்கும் பரிசுப்பொருள் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போட்டு அனுப்பின மாதிரி இருக்கும்.

இந்த டேப்பை அவன் ஒட்டவில்லை. அவனுக்கு ஒட்டத் தெரியாது.

சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. அம்மா கண்ணை மூடியது ஞாபகம் வந்தது. வலியில் மூடவில்லை.

எல்லாம் தெரிந்தவள். பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, மகளைக் கூண்டில் ஏற்றுவதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகு ஒவ்வொரு விருந்திலும் அண்ணன் அந்த ஜோக்கைச் சொல்லும்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. திட்டத்தை அவள் மாற்றவில்லை. அண்ணனைத்தான் பிடித்து உலுக்கப் போகிறாள், அத்தை முன்னால், ஈவிரக்கம் இல்லாமல். அம்மா அதை உட்கார்ந்து பார்க்கட்டும். வாயைத் திறக்காவிட்டால் அண்ணன் மாட்டுவான். திறந்தால் அம்மா மாட்டுவாள். எப்படிப் போனாலும் இன்றைக்கு இவள் மாட்டப் போவதில்லை.

*

அண்ணன் வீட்டுக் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு டேப் சுருளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"காரைக் கொண்டு வராதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னே. கேட்டுச்சு."

"பாத்து நிறுத்தினியா? தெருவுல ஏதாவது தூண் மிச்சம் இருக்கா?"

அத்தை சோபாவில் குலுங்கிச் சிரித்தாள். சமையலறையிலிருந்து அண்ணியும் சிரித்தாள். அம்மா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். இடது கையால் கட்டிய சின்னப் பெட்டிகள் அவள் காலடியில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் டேப்பிலும் ஒரு காது. "வந்துட்டியா" என்றாள். சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்து, தட்டில் முதல் சோறு விழுந்ததும், சின்னவள் வெள்ளை அட்டையை எடுத்து நடுவில் வைத்தாள்.

"என்னடி இது?" என்றாள் அத்தை.

"டேப், அத்தை. எங்கே ஒட்டியிருந்துச்சு தெரியுமா? பலூன் விளக்கு மேல. கார் என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கு. வெயிலுக்கு உதிர்ந்து கிடந்ததை இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். அதனாலதான் நான் விளக்கைப் பாக்கலை. கண்ணு தெரியாம இல்லை. மெக்கானிக் பாத்துட்டார், ஒயர் கழண்டு வருஷக்கணக்காச்சாம்."

அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"நாங்க கடையில ரெண்டு கண்ணாடி மாத்திப் போட்டுக் கேப்போம், அத்தை. எது தெளிவா இருக்கு? முதல்ல இவன் சொன்னதா, இப்ப நான் சொல்றதா?"

அத்தை அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஒட்டினது யாரு?"

"என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி கார் யார் ஷெட்ல நின்னுச்சு? யார் கழுவித் துடைச்சுக் குடுத்தது?"

"ஏய், என்ன உளர்றே?" அண்ணன் பாதி எழுந்துவிட்டான். "நான் ஏன் ஒட்டணும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். விளக்கு எரிஞ்சா செலவு. இளிச்சவாய்த் தங்கச்சி ஒருத்தி இருக்கா, அவ தலையில கட்டிடலாம். அப்படித்தானே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது! அந்த விளக்கையே நான் பாத்ததில்லை!"

"அட, அப்படியா? மூக்குக்கு முன்னாடி எரிஞ்சிருக்குமேண்ணா. கண்ணு தெரியலையா?"

அவன் முகம் செத்துப்போனது. சொல்வதில் என்ன பாவம், அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் இனித்தது.

"ஏங்க, நீங்கதானே அன்னைக்கு உள்ளெல்லாம் துடைச்சீங்க?" என்றாள் அண்ணி, மெல்ல.

"நீ சும்மா இரு!"

"அவளை ஏன்டா அதட்டுறே?" அத்தையின் குரல் ஏறியது. "பெத்த அம்மா உக்கார்ற வண்டி. தெரிஞ்சே மூடி ஒட்டியிருக்கே. பழியைத் தூக்கி இவ தலையில போட்டிருக்கே. நானும் உன் பேச்சைக் கேட்டுச் சிரிச்சிருக்கேன், என்னைச் சொல்லணும். இப்ப உங்கம்மாவை எங்கேயோ கூட்டிட்டுப் போறியாமே? உன்னை நம்பியா?"

உன்னை நம்பியா. அதே வார்த்தை. சின்னவள் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் பார்வை அண்ணன் மேல் இல்லை. மேசையின் அந்தப் பக்கம், அம்மாவின் இடது கை மேசைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தது. மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, விட்டு, மறுபடி மடித்தது.

சொல்லு, என்று மனதுக்குள் கறுவினாள் சின்னவள். இப்ப சொல்லு பாப்போம்.

அண்ணன் சுற்றிலும் பார்த்தான். அத்தையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவன் குரல் உடைந்தது.

"அம்மா, நீயாவது சொல்லும்மா! நான் ஒட்டலைன்னு..."

"அவன் ஒட்டலை" என்றாள் அம்மா. "நான்தான் ஒட்டினேன்."

அவன் கேட்டு முடிக்கக்கூட இல்லை.

சின்னவள் இதற்காகத்தான் வந்தாள். இதைத்தான் பிடுங்க வந்தாள். பிடுங்கியும் ஆயிற்று. ஆனால் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. இவள் ஆஸ்பத்திரியில் கெஞ்சியபோது மூடிய வாய், மழைக்காலம் போய்ப் பனி போய் வெயில் வந்தும் திறக்காத வாய், மகன் ஒரு தரம் குரல் உடைந்து கூப்பிட்டதும் திறந்துகொண்டது.

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா போனப்புறம் நான் ஷெட்ல போய் கார்ல உக்காந்து ரேடியோ கேப்பேன். அப்ப ஒரு நாள் அந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு, அணையவே இல்லை. இன்னொரு செலவு வந்தா இதைப் பழைய இரும்புக்குத் தள்ளிடுவேன்னு இவன் சொல்லிக்கிட்டே இருந்தான். தள்ளிட்டா ஞாயித்துக்கிழமை என்னை யாரு வெளியே கூட்டிட்டுப் போவா? அதான் ஒட்டினேன். அது எதுக்கு எரியுதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒட்டுவேனா?"

"பாத்தியா!" அண்ணனுக்கு மூச்சு திரும்பிவிட்டது. மேசையைத் தட்டினான். "பாத்தியா? எல்லார் முன்னாடியும் என்னைத் திருடனாக்கினியே! மன்னிப்புக் கேளுடி!"

"நீ ஒட்டலைன்னு எனக்குத் தெரியும்."

"என்னது?"

"டேப்புக்குக் காது இருக்கு. உனக்கு எந்தக் காலத்துல காது வைக்கத் தெரியும்? கடையிலேயே பாத்துட்டேன்."

"தெரிஞ்சேதான் கேட்டியா?"

"தெரிஞ்சேதான் கேட்டேன். நான் நின்ன இடத்துல நீ ஒரு நாள் நின்னு பாக்கணும்ல. உனக்கு ஒரு சாப்பாட்டு நேரம்கூடத் தாங்கலை." அவள் எழுந்தாள். அம்மா பக்கம் திரும்பினாள். "எதுக்கு எரியுதுன்னு ஒட்டும்போது தெரியாது. சரி. ஆஸ்பத்திரியில இவன் சொன்னப்ப தெரிஞ்சுதா இல்லையா?"

அம்மா மேசைவிரிப்பின் ஓரத்தை மறுபடி மடித்தாள்.

"தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"பயமா இருந்துச்சு."

"யாரைப் பாத்து?"

அம்மாவின் கண் ஒரு கணம் மகன் பக்கம் போய் வந்தது. அண்ணன் தலை குனிந்து டேப் சுருளைத் தேடினான். கையில் எதையாவது வைத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது அவனுக்கு.

"நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன்டி" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எத்தனை வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள் தலையில் இந்த வார்த்தையைப் போட்டுக் கல்லாக்கியிருக்கிறார்கள்! சின்னவள் அட்டையைக்கூட எடுக்கவில்லை. சாவியை எடுத்தாள்.

"உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போண்ணா" என்றாள். "பத்திரமாப் பாத்துக்கோ. நீ கஷ்டப்பட்டா அவங்களால தாங்க முடியாது."

அத்தை கூப்பிட்டாள். அண்ணி பின்னாலேயே வந்தாள். சின்னவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படி இறங்கிவிட்டாள்.

*

காருக்குள் இன்னும் அனல். கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினைப் போட்டாள். விளக்குகள் எல்லாம் எரிந்து அணைந்தன. பந்துக்காரன் மட்டும் அணையவில்லை. அவனை மறைக்க இனி யாரும் இல்லை.

கண்ணாடியில் பார்த்தாள். வாசலில் அம்மா.

மாற்றுத்துணி வைத்துக்கொள்கிற சின்னப் பை அம்மாவின் இடது தோளில் தொங்கியது. வலது கை பக்கத்தில் சும்மா தொங்கியது. பின்னாலிருந்து அண்ணன், "அம்மா, உள்ள வா! நாளைக்கழிச்சுக் கிளம்பணும்!" என்று கத்தினான். அம்மா திரும்பவில்லை. நேராக நடந்து வந்து, எப்போதும் உட்காருகிற முன்பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

அது வெளியிலிருந்து திறக்காது. அம்மாவுக்கும் அது தெரியும். எட்டித் திறந்துவிட வேண்டியது உள்ளே இருப்பவள்தான்.

சின்னவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள்.

அம்மா குனிந்து கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்தாள்.

"கதவைத் திறடி."

"நான் கேட்டப்ப நீ வாயைத் திறந்தியா?"

அம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.